கடைநிலை: மாணாக்கரும் உண்டிச்சாலையும்

தமிழிலே 'கடை' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். முடிவு என்பது ஒரு பொருள். வாயில் என்பது மற்றொன்று. பண்டம் விற்குமிடம் என்பது வேறொன்று. தொல்காப்பியப் புறத்திணையியலிலே பாடாண் பகுதிக்குரிய துறைகளுள் 'கடைநிலை' என்பதும் ஒன்றாகும். நெடுந்தூரம் நடந்து வந்த வருத்தம் தீரும்பொருட்டு, வள்ளலின் வாயிலிலே நின்று, வாயில் காவலருக்குத் தன் வரவைத் தெரிவித்தலே அத்துறை. மாணாக்கருக்கு இதனைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என் மனக்கண்ணிலே தோன்றுவது மன்னனின் மாளிகையன்று. திருநெல்வேலியிலே ஓர் ஒழுங்கையின் முகப்பில் இருந்த, தகரக்கூரை வேய்ந்த ஒரு தேநீர்க்கடையே தோன்றும். யான் முதன்முதலிற் 'கடைநிலை' பாடியது அங்கேதான்.

தேநீர்க்கடையைப் பற்றியும் சோற்றுக்கடையைப் பற்றியும் பண்டிதர் ஒருவர் எழுதப் புகுவதா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு நியாயமில்லை. நம் முன்னோர் இதனை இழிந்த பொருளாகக் கருதினாரல்லர். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் அந்நகரின் அங்காடிகளிலே தின்பண்டம் விற்போரைக் கண்டு பாடினார். இளங்கோவடிகள் புகார் நகரின் வீதிகளை வருணிக்குமிடத்து, அப்பஞ் சுட்டு விற்ற கூவியரையும் மறவாது குறித்தார். மணிமேகலையோ பசியை ஒரு பிணியென்றே கண்டு, அதனைத் தீர்க்கும் பாத்திரத்தைக் காப்பியத்தின் நடுநாயகமாக வைத்தது. ஆகவே, இளைஞன் ஒருவன் கையிலுள்ள சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொண்டு ஓர் உண்டிச்சாலையின் வாயிலிலே தயங்கி நிற்பதும் இலக்கியம் அறிந்தோர் சிந்தித்தற்குரிய பொருளேயாம்.

யாழ்ப்பாணத்திலே அத்தகைய இளைஞரைக் காண விரும்புவோர் திருநெல்வேலிக்குச் செல்லுதல் வேண்டும். சேர் பொன். இராமநாதன் 1921ஆம் ஆண்டிலே நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. 1979 முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அண்மையிலே கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியும் கோப்பாய் ஆசிரிய கலாசாலையும் உள. வன்னியிலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும், மலையகத்திலிருந்தும், தென்னிலங்கையிலிருந்தும் வந்த பிள்ளைகள் சுற்றுப்புற வீடுகளில் அறை எடுத்துத் தங்குகின்றனர். பல வீடுகளிலே அறை கிடைக்கும். அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. எனவே பலாலி வீதியிலும், இராமநாதன் வீதியிலும், சந்தையின் அயலிலுமுள்ள கடைகளே அவர்களுக்குத் தாய்வீட்டு அடுக்களையாகின்றன.

அவர்களின் கையிலுள்ள பொருள் எவ்வளவு? மாணவர் பலருக்கு ஆதாரமாயிருப்பது 1981ஆம் ஆண்டிலே தோற்றுவிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில். மாதம் 5,000 ரூபாவாக இருந்த அத்தொகை 7,500 ரூபாவாக உயர்த்தப்படுமென 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே அறிவிக்கப்பட்டது. உயர்த்தியது நன்றே. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். 7,500 ரூபாவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபா வரும். ஒரு நேர மரக்கறிச் சோற்றோடு அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். காலையும் இரவும், அறை வாடகையும், பேருந்துக் கட்டணமும், எழுதுதாளும் வேறெங்கிருந்தோ வரவேண்டும். வீட்டிலிருந்து பணம் அனுப்பும் தந்தை கூலித் தொழிலாளியாயின் அப்பிள்ளை மேலுஞ் சுருங்கி வாழவே கற்றுக்கொள்ளும்.

இச்சுருங்கிய வாழ்விலே பிறந்த ஒரு நுண்கலையும் உண்டு. அதனை மாணாக்கரிடமிருந்தே அறிந்துகொண்டேன். காலையிலே பாணை வாங்குவோர் சம்பலுக்கு மட்டுமன்றிப் பருப்புக் கறிக்கும் சேர்த்தே வாங்குவர்; சம்பல் நாவுக்கு உகந்தது, பருப்போ நண்பகல்வரை தாங்குவது. இடியப்பம் வாங்குவோர் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொதியை நிறைய ஊற்றச் செய்வர். சொதிக்குத் தனிக் கணக்கில்லை என்பது யாழ்ப்பாணத்தின் பழைய தருமம். நண்பகலிலே மீன்துண்டும் இறைச்சியுமே விலையை ஏற்றுவன. சோறும் மரக்கறியும் இரண்டாம் முறை கேட்டாலும் பல கடைகளிலே முகங்கோணாது இடுவர். ஆதலின், மீன்துண்டை விடுத்து மீன்குழம்பை மட்டும் வேண்டுவோர் பலர். இரவிலே கொத்துரொட்டி ஒன்றை வாங்கி இருவர் பங்கிட்டு உண்பர். உழுந்து வடை ஒன்றும் அவித்த கடலை ஒரு சுருளும் வெறுந்தேநீரும் மாலைப் பொழுதைக் கடத்திவிடும். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டிலே பெண்கள் தாமே சமைத்து விற்கும் 'அம்மாச்சி' உணவகம் திருநெல்வேலியில் இருப்பது இவர்களுக்கு ஒரு பேறு. தோசையும் அப்பமும் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் கண்முன்னே ஆக்கப்பட்டுச் சூட்டோடு கிடைக்கின்றன.

இனி என் கதைக்கு வருகின்றேன். 1991ஆம் ஆண்டிலே, வடமராட்சிக் கிராமம் ஒன்றிலிருந்து, தமிழ் படிக்கும் ஆசையால் துவிச்சக்கர வண்டியிலே யாழ்ப்பாணம் வந்து, உறவினர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கியிருந்தேன். அக்காலம் பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகராயிற்று. ஜாம் போத்தலிலே திரியிட்டு நன்னூற் சூத்திரம் படித்தோம். சீனி அரிதானபோது பனங்கட்டித் துண்டை உள்ளங்கையிலே வைத்துக் கடித்துக் கடித்துத் தேநீர் குடித்தோம். அந்நாளிலும் மேற்கூறிய தகரக்கூரைக் கடை திறந்தேயிருந்தது. மூன்று மேசை, ஆறு வாங்கு, கண்ணாடிப் பெட்டி ஒன்று, பெயர்ப்பலகை இல்லை. கல்லாவில் இருந்தவரை எல்லாரும் 'முதலாளி' என்போம். அவர் அணிந்திருந்த சேட்டிலே இரண்டு தெறிகள் எந்நாளும் இல்லை. முதலாளித்துவம் அவரிடத்து அவ்வளவே இருந்தது.

நம் நாட்டுத் தேநீர்க்கடைகளிலே ஒரு வழக்கமுண்டு. வடை, பணிஸ், ரோல்ஸ் முதலியவற்றைத் தட்டம் நிறைய அடுக்கி மேசையில் வைத்துவிடுவர். வேண்டியதை எடுத்து உண்ணலாம். எழுந்து போகும்போது உண்டது இத்தனையென்று உண்டவரே சொல்லுவார். சாட்சியில்லை; சீட்டில்லை. வேறு நாட்டார் பலர் இதனைக் கண்டு வியப்பர். மனிதனின் வாய்ச்சொல்லை நம்பி நடக்கும் வாணிகம் இதனினும் வேறுண்டோ என்று யான் எண்ணுவதுண்டு.

அந்நம்பிக்கையை யான் ஒரு நாள் முறித்தேன். காலை முதல் ஒன்றும் உண்ணாத நாள் அது. மூன்று வடை உண்டேன். கல்லாவின் முன்னே நின்றபோது, "வடை இரண்டு, பிளேன்ரீ ஒன்று" என்று என் வாய் சொல்லிற்று. முதலாளி தலையசைத்துக் கடன் கொப்பியில் ஏதோ எழுதினார். ஒழுங்கை முடியும்வரை என் கால்கள் விரைந்தன. அதன்பின் விரைந்து பயனென்ன? திருக்குறளிலே கள்ளாமை அதிகாரம் முழுவதையும் மனனஞ் செய்தவன் யான். அதிகாரத்தைச் சொல்ல வல்ல நா, ஒரு வடையின் கணக்கைச் சொல்ல வல்லதாயிற்றில்லை. அன்றோடு நின்றேனா? இல்லை. மறுமாதமும் அவ்வாறே இருமுறை செய்தேன்.

1994ஆம் ஆண்டிலே ஆசிரியப் பணி கிடைத்தது. முதற் சம்பளத்தோடு அக்கடைக்குச் சென்று, என் கடன் முழுவதையுந் தீர்க்க வேண்டும் என்றேன். முதலாளி பழைய கொப்பியை எடுத்து என் பெயரெழுதிய பக்கத்தை விரித்து, விரலால் வரி வரியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். யானும் எட்டிப் பார்த்தேன். ஒரு நாளுக்குரிய வரியிலே, 'வடை 3' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதன் எதிரே காசுப் பகுதியில் இரண்டு வடையின் விலைதான் போடப்பட்டிருந்தது. கீழே மேலும் இரண்டிடத்தில் அவ்வாறே. அடுத்த பக்கம் வேறொரு மாணாக்கனுடையது. அதிலும் அத்தகைய வரிகள் கண்ணிற்பட்டன.

"முதலாளி, இதுக்கும் சேர்த்து எடுங்கோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கொப்பியை மூடினார். "அது என்ரை கணக்கு, தம்பி. உம்மடை கணக்கிலை அது இல்லை" என்றார். பின்பு உள்ளே திரும்பி, "வாத்தியாருக்கு ஒரு பிளேன்ரீ!" என்று குரல் கொடுத்தார்.

அவர் என்னை 'வாத்தியார்' என்று சொன்னது அதுவே முதன்முறை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். மறுவருடம் திரும்பி வந்தபோது அக்கடையிலே கூரையுமில்லை, கொப்பியுமில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

இவ்விடத்தே உண்மையொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. நம் ஊர்த் தேநீர்க்கடைகள் எல்லாருக்கும் எக்காலத்தும் இவ்வாறு திறந்திருந்தனவல்ல. தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே புகுந்து வாங்கில் அமர இடங்கொடாது, வெளியே நிறுத்தி, போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்த கடைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும் கதவுகள் தாமாகத் திறந்தில. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே அவற்றைத் திறப்பித்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தோர் ஒரு குவளைத் தேநீருக்கு எவ்வளவு குருதி சிந்தப்பட்டது என்பதை அறிவர். என் காலத்தில் நாங்கள் அறுவர், அறுவரும் வெவ்வேறு குடியிற் பிறந்தோர், ஒரே வாங்கில் நெருங்கியமர்ந்து ஒரே தட்டத்திலே கையிட்டோம். அது எங்கள் பெருந்தன்மையால் வந்ததன்று. எமக்கு முன்னே அடியுண்டோர் ஈட்டித் தந்த வாங்கு அது. கடைநிலை என்னுஞ் சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறாத பொருளொன்றை அம்மக்கள் நெடுங்காலம் வாயிலிலே நின்று காட்டினர்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு நம் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி உண்டிச்சாலைகளை முதலில் வருத்தியது. சமையல் எரிவாயு இல்லை, மாவு விலை ஏறிற்று, எரிபொருளுக்கு வரிசை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று, அஃதாவது, ஓராண்டின் முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப்பொருள் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாவாயிற்று. பின்னர் விலையேற்றத்தின் வேகந் தணிந்தது. ஏறிய விலை பழைய படிக்கு இறங்கவில்லை. வேகந் தணிதல் வேறு, விலை இறங்குதல் வேறு என்பதைப் பொருளியல் படியாத மாணாக்கனும் தன் வயிற்றினால் அறிவான்.

என் வகுப்பிலே மாணவன் ஒருவன் இருந்தான். நண்பகல் இடைவேளையிலே எல்லாரும் உண்ணச் செல்ல, அவன் நூலகத்திலே இருப்பான். கேட்டதற்கு, "இண்டைக்கு வெள்ளி விரதம், ஐயா" என்றான். மகிழ்ந்தேன். செவ்வாயன்று கேட்டேன்; அன்றும் விரதமென்றான். புதனன்றும் அவன் நூலகத்திலேதான் இருந்தான். புதனுக்குரிய விரதம் யாது என்று யான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஒரு பொய்யைத் தேடவேண்டியிருந்திருக்கும். பசித்தவனைப் பொய் சொல்ல வைப்பவன் அப்பொய்யிலே பங்காளி என்பதை யான் அறிவேன். "தம்பி, என்னோடை கடைக்கு வாரும், ஒரு ஏட்டுப் பாடத்தைப் பற்றிக் கதைக்கவேணும்" என்று அழைத்துச் சென்றேன். பாடபேதம் ஒன்றும் தீர்ந்ததாக நினைவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்கும்போது அவன் என்னைப் பாராமல் இலையைப் பார்த்தே கேட்டான்.

இந்நிலையிலே உண்டிச்சாலை நடத்துவோருக்கு மூன்று விண்ணப்பஞ் செய்கின்றேன். முதலாவது, விலைப்பட்டியலைத் தெருவிலிருந்தே தெரியும்படி எழுதி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்த வேண்டுமென விதிக்கின்றது; அதற்கு மேலாக, உள்ளே வந்து அமர்ந்தபின் விலை கேட்டு எழுந்து போகும் அவமானத்தினின்றும் ஏழைப் பிள்ளையை அது காக்கும். இரண்டாவது, அரைச் சோறு கொடுங்கள். அதனை அரைச் சோறென்று உரக்கக் கூவாமல் கொடுங்கள். மூன்றாவது, தண்ணீர்க் குவளையை மேசையிலே வையுங்கள். போத்தல் தண்ணீர் வாங்குவோரே மரியாதைக்குரியவர் என்னும் புதிய வழக்கத்தைக் கைவிடுங்கள். இம்மூன்றினாலும் எவரும் வறியராகார்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடன் உண்டு. பட்டமளிப்பு நாளிலே பொன்னாடை போர்த்துவதற்குச் சேர்க்கும் பணத்திலே ஒரு பகுதியை, கல்லூரியின் அயலிலுள்ள நம்பிக்கையான கடையொன்றில் முன்கூட்டிச் செலுத்தி வைக்கலாம். எந்தப் பிள்ளைக்கு என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கட்டும். பெயர்ப் பட்டியல் வேண்டா. புகைப்படம் வேண்டவே வேண்டா. பசித்த முகத்தை நம்மிலும் விரைவில் அறிபவர் கல்லாவில் இருப்பவரே.

மாணாக்கருக்குக் கூறுவது ஒன்றே. குறைந்த பொருளில் நிறைய உண்ணும் கலையிலே நீங்கள் என்னிலும் வல்லவர். அதிலே உபதேசஞ் செய்யேன். ஆனால், பசியை மறைக்கும் கலையைப் பயிலாதீர்கள். கையிற் காசில்லாத நாளிலே கடைக்காரரிடம், "நாளைக்குத் தாறன்" என்று சொல்லுதல் இழிவன்று. வள்ளலின் வாயிலிலே நின்று தம் வரவை உரைத்த புலவரை நம் இலக்கணம் இழிந்தோரென்று சொல்லவில்லை. அவர் சொல்லுக்கு ஒரு துறையே வகுத்தது. யான் அன்று வாய்திறந்து, "முதலாளி, மூண்டு தின்டனான், ஒண்டுக்குக் காசில்லை" என்று சொல்லியிருந்தால், மூன்றாண்டு என் நெஞ்சிலே கிடந்த சுமை மூன்று நொடியில் இறங்கியிருக்கும்.

இப்போதும் தேநீர்க்கடைகளிலே தட்டம் என் முன்னே வைக்கப்படுகின்றது. உண்டதை இருமுறை எண்ணிக்கொண்டே எழுகின்றேன். கல்லாவிலே சொல்லும்போது சில நாளில் ஒன்று கூட்டியே சொல்லிவிடுகின்றேன். அவர்கள் தட்டத்தைப் பார்த்து, "இல்லை ஐயா, இரண்டுதான்" என்று திருத்துவர். "அது என்ரை கணக்கு" என்று சொல்லிக் காசை வைத்துவிட்டு வருகின்றேன்.